அடி ஒன்றும் படவில்லை

இங்கிலாந்தில் 999ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் பெயரைக் கேட்பதற்கு முன்பே மூச்சைப் பற்றிக் கேட்டுவிடுவார். மூச்சு வருகிறதா, சுயநினைவு இருக்கிறதா? “அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. சமையலறையில விழுந்துட்டாங்க. நல்லாத்தான் பேசறாங்க, ரத்தமெல்லாம் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியலை” என்று மகள் சொன்னால், அந்த அழைப்பு பெரும்பாலும் மூன்றாம் வகைக்குப் போய்விடும்.

2017இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதயம் நின்றுபோனவர் போன்றோர் முதல் வகை. வண்டி சராசரியாக 7 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் இரண்டாம் வகை; 18 நிமிடம். மூன்றாம் வகையில் பத்துக்கு ஒன்பது பேரை 2 மணி நேரத்துக்குள் எட்டினால் போதும். நான்காம் வகைக்கு 3 மணி நேரம். இவை காகிதத்தில் இருக்கும் இலக்குகள். 2022 டிசம்பரில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றபோது, இரண்டாம் வகைக்கே சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. மூன்றாம் வகையில் இருந்தவர்கள் தரையில் எவ்வளவு நேரம் கிடந்திருப்பார்கள் என்பதை அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இருப்பது ஒரு வண்டி, காத்திருப்பது ஒரு மாரடைப்பும் ஒரு விழுதலும் என்றால், வண்டி மாரடைப்புக்குத்தான் போக வேண்டும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரிசைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அடி படவில்லை என்றால் அவசரமில்லை, எழுப்பி உட்காரவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற அனுமானம். கடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்தால், இதன் இரண்டு பாதிகளுமே தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விழுவது அபூர்வமும் அல்ல. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகம் முழுக்க விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஒரு கட்டுரை, நூற்றுக்கு எட்டு அழைப்புகள் விழுந்த முதியவர்களுக்காக வந்தவை என்று கண்டது. விபத்து என்றதும் நம் மனதில் வருவது நெடுஞ்சாலையும் நசுங்கிய வண்டியும்தான். ஆனால் இங்கிலாந்தில் பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் முதியவர்களில் மிகுதியானோர் இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று, அந்நாட்டின் காயப் பதிவேட்டை வைத்து 2017இல் வந்த அறிக்கை சொன்னது. இரண்டு மீட்டர் என்பது உச்சவரம்பு. நிஜத்தில் பலர் நின்ற இடத்திலேயே விழுந்தவர்கள்.

முதலில் தரையைப் பார்ப்போம்.

விழுந்தவரால் ஏன் எழ முடிவதில்லை? அடிபட்டதால் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டியின் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய காயம் எதுவுமில்லாமல் விழுந்த 313 முதியவர்களில் 148 பேரால் ஒரு முறையாவது பிறர் உதவியில்லாமல் எழ முடியவில்லை. எலும்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பலம்தான் போதவில்லை. மல்லாந்து கிடக்கும் உடல் ஒருக்களித்துத் திரும்ப வேண்டும், கையை ஊன்ற வேண்டும், முழங்காலுக்கு வர வேண்டும், பிறகு மொத்த எடையையும் தொடையும் இடுப்பும் தூக்கி நிறுத்த வேண்டும். நாற்காலி, சோபா, கட்டில் என்று வாழ்பவருக்கு இந்த வேலையைச் செய்யும் சந்தர்ப்பமே வருடக்கணக்கில் வாய்ப்பதில்லை. பிரேசிலில் கிளாடியோ அராவ்ஜோ என்ற மருத்துவர் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போச்சு. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகமாக இறந்தார்கள் என்று 2012இல் எழுதினார். பந்தியில் இலைக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்த நம் பாட்டிமார்கள் இதைத் தினமும் மூன்று வேளை செய்துகொண்டிருந்தார்கள். இப்போது நம் வீடுகளிலும் டைனிங் டேபிள் வந்துவிட்டது. அது வேறு கதை.

எழ முடியாமல் கிடக்கும்போது உடலுக்குள் நடப்பதை மருத்துவம் வேறொரு வழியாகத்தான் தெரிந்துகொண்டது. 1940இல் லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது, இடிபாடுகளுக்குள் பல மணி நேரம் சிக்கியிருந்தவர்களை உயிரோடு மீட்டு ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வந்தபோது ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். பிறகு நசுங்கிய கை கால் வீங்கியது, ரத்த அழுத்தம் சரிந்தது, சிறுநீர் குறைந்துகொண்டே போனது. எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் இப்படிப்பட்ட நான்கு பேரைப் பற்றி 1941இல் எழுதினார்கள். அழுத்தத்தில் கிடந்த தசை செல்கள் உடையும்போது அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அது சேதப்படுத்துகிறது, அடைத்தும் விடுகிறது. சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வரும். கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும்.

சமையலறைத் தரையில் கிடக்கும் மூதாட்டியின்மேல் கட்டடம் எதுவும் விழவில்லை. ஆனால் அவருடைய உடல் எடையே போதும். தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. கடினமான தரைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அகப்பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் எளிதாக நின்றுபோகும். சில மணி நேரத்தில் தோல் சாகத் தொடங்கும். பின்னாளில் ஆறாத படுக்கைப்புண்ணாக வெளிப்படுவது அதுதான். அடக்க முடியாமல் சிறுநீர் போயிருந்தால் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இங்கிலாந்தின் குளிர்காலத் தரையில் ஈர உடையோடு கிடக்கும் முதிய உடம்பு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க ராத்திரி முழுவதும் தேவைப்படாது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். அசையாமல் படுத்திருப்பதால் நுரையீரலில் சளி தங்கும்.

பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நீண்ட கிடப்பு’. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அந்தக் கணக்கில் வரும். பர்மிங்ஹாமில் வைல்ட், நாயக், ஐசக்ஸ் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வீட்டில் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள், நேரடியான காயம் இல்லாதவர்கள் உட்பட. இதைப் படித்துவிட்டு ‘தரை கொன்றது’ என்று எழுதிவிடுவது சுலபம். அவ்வளவு நேரம் கிடப்பவர் பெரும்பாலும் தனியாக இருப்பவர், ஏற்கெனவே தளர்ந்தவர், உள்ளே ஏதோ ஒரு நோய் வளர்ந்துகொண்டிருப்பவர். கிடந்தது காரணமா, அடையாளமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும்தான் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், ‘பேசுகிறார், ரத்தமில்லை’ என்ற இரண்டு சொற்களால் கீழே தள்ளிவிடக்கூடிய நோயாளி அல்ல அவர்.

கழுத்தில் தொங்கும் அலாரம் பொத்தான் இதற்குத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜில் தொண்ணூறைத் தாண்டியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து ஃபிளெமிங்கும் பிரெயினும் 2008இல் எழுதினார்கள். நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் கைவசம் அலாரம் இருந்தும் அதை அழுத்தவில்லை. சிலர் கழற்றி வைத்திருந்தார்கள். சிலர் பிறரைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, தாமாக எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். ‘எதுக்கு எல்லாருக்கும் சிரமம்’ என்று சொல்வது நம் ஊர்ப் பெரியவர்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது.

இனி வண்டி வந்த பிறகு. ஒரு வழக்கமான வருகையைக் கற்பனை செய்துகொள்வோம். நாட்டிங்ஹாமில் ஒரு சிறிய வீடு, அதே எண்பத்திரண்டு வயது அம்மாள், தரையில் ஒன்றரை மணி நேரம். பாராமெடிக் இருவர் உள்ளே வருகிறார்கள். வந்ததும் தூக்குவதில்லை. நம் பக்கத்தில் 108 வருவதற்குள் அக்கம்பக்கம் ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, கையில் சோடாவும் கொடுத்துவிடும். அன்புதான் காரணம், சந்தேகமில்லை. ஆனால் முதியவரின் தோள்மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது, முறிந்த இடுப்பு அந்த உட்காரலைத் தாங்காது.

ஒருவர் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே முழங்காலிட்டுக் குனிகிறார், கழுத்தைத் திருப்பாமலே தன்னைப் பார்க்கும்படி. பின்கழுத்து எலும்புகளை விரலால் தடவி வலியிருக்கிறதா என்று கேட்கிறார். கால்களைப் பார்க்கிறார்: ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கக்கூடும். தலையில் அடியா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நல்லது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில் கிழிந்து மெல்லக் கசிந்து, நாட்கள் கழித்துக் குழப்பமாகவோ தள்ளாட்டமாகவோ தெரியவரும்.

பிறகு அந்தக் கேள்வி. “விழறதுக்குக் கொஞ்சம் முன்னால என்ன பண்ணிட்டிருந்தீங்கம்மா?”

“கால் தடுக்கிடுச்சு.”

கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது இதைத்தான். நல்ல பாராமெடிக் இதை நம்பவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். தடுக்கி விழுபவர் அனிச்சையாகக் கையை நீட்டுவார். உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ முழங்காலிலோ சிராய்ப்பு இருக்கும். கை சுத்தமாக இருந்து முகத்தில் அடிபட்டிருந்தால், விழுவதற்கு முன்பே நினைவு தப்பியிருக்கலாம். ஒரு கணம் மயங்கிய பலருக்கு மயங்கியதே நினைவிருப்பதில்லை. தரையில் கிடக்கிறோம், ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே என்று மனம் ‘தடுக்கியது’ என ஒரு கதையை வைத்துக்கொள்கிறது. அதனால் ஈசிஜி எடுக்கிறார்கள். துடிப்பு இடையில் நின்று நின்று போகிறதா என்று பார்க்க. விரலில் குத்திச் சர்க்கரை. காதில் வெப்பமானி. முகம் கோணியிருக்கிறதா, கை தழைகிறதா, பேச்சு குழறுகிறதா.

எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்தபின்தான் எழுப்புவது. காற்றடைக்கும் மெத்தை ஒன்றை அடியில் செருகி, கம்ப்ரெஸரில் அடுக்கடுக்காக நிரப்புகிறார்கள். சில நிமிடத்தில் நோயாளி நாற்காலி உயரத்தில் உட்கார்ந்திருப்பார்; பாராமெடிக்கின் முதுகும் தப்பும். டென்மார்க்கில் செய்த இன்னொரு சாதனம், கிடப்பவரைச் சுற்றித் துண்டு துண்டாகப் பொருத்தி மோட்டாரில் நிமிர்த்தும் நாற்காலி. பலம் கொஞ்சம் மீந்திருந்தால் இரண்டுமே வேண்டாம், வழி சொல்லிக்கொடுத்தாலே போதும்: ஒருக்களித்துத் திரும்பு, முழங்கையை ஊன்று, நான்கு காலில் தவழ்ந்து நாற்காலி வரை போ, இரண்டு கையையும் அதன்மேல் வை, வலுவான காலை முன்னால் ஊன்றி எழு, திரும்பி உட்கார்.

உட்கார்ந்துவிட்டார். டீ போட்டாகிவிட்டது. அவசரக் குழுவுக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கிறது. விழுந்ததன் காரணம் பெரும்பாலும் வெளிப்படுவது இதற்குப் பிறகுதான். படுத்திருந்தபோது எடுத்த ரத்த அழுத்தத்தை, நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், இரவு மூன்று மணிக்குப் பாத்ரூமுக்கு எழுந்தவர் ஏன் விழுந்தார் என்பதற்குப் பதில் கிடைத்த மாதிரி. மாத்திரை டப்பாவைத் திறந்தால் பதில் இன்னும் தெளிவாகும்: பிபிக்கு இரண்டு, சிறுநீர் பிரிய ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு டாக்டர் எழுதியது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் முதல் ஆள் பல நேரம் ஆம்புலன்ஸில் வந்தவராகவே இருப்பார். நாலு அடி நடக்கச் சொன்னால் நடை தெரியும். செருப்பின் தேய்மானம், கார்ப்பெட்டின் மடிந்த ஓரம், காலியான ஃபிரிட்ஜ் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று பார்க்கும் எந்த நிபுணருக்கும் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டால் என்ன? நெரிசலான அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் பல மணி நேரம் கிடப்பது முதியவர்களுக்குத் தனி ஆபத்து; சித்தக் குழப்பம் வரும், சில நாள் படுக்கையிலேயே கால் பலம் கரையும். ஷெஃபீல்டில் கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளை வீட்டிலேயே பரிசோதித்துச் சிகிச்சை தரவைத்தார்கள். அறுபதைத் தாண்டிய 3,018 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2007இல் வந்தது. வழக்கமான சேவையில் 87.5 சதவீதம் பேர் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் பார்த்தவர்களில் 62.6 சதவீதம். 28 நாள் இறப்பில் வேறுபாடு தென்படவில்லை. வீட்டில் விட்டுவருவது தவறல்ல, விட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் தவறு. முன்னே சொன்ன லண்டன் ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லாமல் விட்டுவந்த முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வாரத்துக்குள் மறுபடி அவசர உதவியைத் தேடியிருந்தார்கள்.

மறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிங்ஹாம்ஷையரில் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. பிப் லோகன் தலைமையிலான குழு, விழுந்து ஆம்புலன்ஸை அழைத்து, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாத 204 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. மீதிப் பேரை விழுதல் தடுப்புக் குழுவிடம் அனுப்பினார்கள்: தொடைக்கும் சமநிலைக்கும் பயிற்சி, வீட்டில் இடறும் பொருட்களை நீக்குதல், மாத்திரைகளை மறுபரிசீலனை செய்தல். மாய மருந்து ஏதுமில்லை. ஓராண்டு கழித்து எண்ணினால், சும்மா விட்டவர்கள் ஆளுக்குச் சராசரியாக ஆண்டில் 7.68 தடவை விழுந்திருந்தார்கள்; மற்றவர்கள் 3.46. பாதிக்கும் கீழே. 2010இல் இது வெளியானபோது எல்லோர் கண்ணும் இந்த வித்தியாசத்தின்மேல் போனது. எனக்கு அந்த 7.68தான் உறுத்துகிறது. ‘அடி ஒன்றும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டிலேயே விட்டுவந்த ஆட்கள் இவர்கள்.

அப்படியானால் பாராமெடிக் ஒவ்வொருவரும் தடுப்புக் குழுவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமே? அதையும் சோதித்தாகிவிட்டது. வேல்ஸின் ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் ஸ்னூக்ஸ், மூன்று ஆம்புலன்ஸ் சேவைகளில் நான்காயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனை 2017இல் வெளியானது. பயிற்சியும் விதிமுறையும் பரிந்துரைக்கும் வழியும் கொடுத்திருந்தும், அந்தப் பாராமெடிக்குகள் அனுப்பிவைத்தது நூற்றுக்கு எட்டுப் பேரை மட்டுமே. ஒரு மாதம் கழித்து இறப்பிலோ மறுபடி அவசர உதவி தேடுவதிலோ சொல்லும்படியான மாற்றமில்லை. இதைத் தோல்வி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. லோகனின் சோதனை, சிகிச்சை உண்மையில் கிடைத்தால் பலன் உண்டு என்றது. ஸ்னூக்ஸின் சோதனை, சீட்டு எழுதுவதால் சிகிச்சை கிடைத்துவிடாது என்றது. அடுத்த அழைப்பு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது படிவம் நிரப்புவது கடைசி வேலையாகத்தான் இருக்கும். நிரப்பினாலும், அதை வாங்கும் அலுவலகம் மாலையில் மூடியிருக்கும், வாரக் கடைசியில் திறந்திருக்காது.

2022 குளிர்காலத்துக்கு முன் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, காயமில்லாமல் விழுந்தவர்களை எழுப்பத் தனி உள்ளூர்க் குழுக்களை எல்லாப் பகுதிகளிலும் அமைக்கச் சொன்னது. தூக்கும் நாற்காலியோடு போகும் பயிற்சி பெற்ற ஆட்கள், பாராமெடிக் தேவையில்லை. தரையில் கிடக்கும் நேரம் இதனால் குறையும், அதுவே பெரிய லாபம். ஏன் விழுந்தார் என்ற கேள்வியும் அந்த நாற்காலியோடு வாசலைத் தாண்டிப் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. அங்கேயே சில ஆம்புலன்ஸ் சேவைகள் இன்னொரு வழியை வைத்திருக்கின்றன. சாதாரணக் காரில் ஒரு பாராமெடிக்கும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சேர்ந்து போகிறார்கள். ஒருவர் ஈசிஜி எடுக்கும்போது மற்றவர் கட்டிலின் உயரத்தையும் பாத்ரூம் படியையும் அளந்துகொண்டிருப்பார். டிக்கியில் வாக்கர், கழிப்பறை இருக்கையை உயர்த்தும் சட்டம் போன்ற சாமான்கள் இருக்கும். தேவையானதை அன்றைக்கே இறக்கி வைத்து, பிடித்து நடக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.